தூண்டில் நரம்பை முறுக்கி ரோபோ கைக்கு தசை செய்வது எப்படி

ரோபோ கை ஒண்ணு செஞ்சு பாக்கணும்னு ஆசைப்படுற எல்லாரும் முதல்ல போய் நிக்கிறது சர்வோ மோட்டார் கிட்டதான், அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிக்கிற மோட்டார். தப்பில்ல, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் உங்க இடது முன்கையை வலது கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இடது கை விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்க. உள்ளங்கைக்குக் கீழ, முழங்கை வரைக்கும் தோலுக்கு அடியில என்னமோ ஊர்ற மாதிரி இருக்கும். விரலை மடக்குற தசை விரல்ல இல்ல, முன்கையில இருக்கு, அங்கேருந்து தசைநாண் கயிறு மாதிரி நீண்டு போய் விரல் எலும்பைப் பிடிச்சு இழுக்குது. சுத்துறது எதுவும் கிடையாது, பல்சக்கரம் கிடையாது, இழுக்குறது மட்டும்தான். மோட்டார் சுத்துது, அந்த சுத்தலை இழுப்பா மாத்த நாம கியர், சக்கரம், கயிறுன்னு அடுக்கிக்கிட்டே போறோம். செயற்கை தசைன்னா நேரடியா இழுக்குற பொருள், அவ்வளவுதான் விஷயம்.

இதை வீட்டுலயே செய்யலாம்ங்கிறதுதான் நான் சொல்ல வந்தது, அதுவும் மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பை வச்சு. விளையாட்டுக்கு சொல்லல. 2014 பிப்ரவரியில சயின்ஸ் பத்திரிகையில அமெரிக்காவுல டல்லாஸ்ல இருக்கிற டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ரே பாக்மேன் குழு பல நாட்டு ஆய்வாளர்களோட சேர்ந்து ஒரு கட்டுரை போட்டாங்க, சாதாரண தூண்டில் நரம்பையும் தையல் நூலையும் முறுக்கி சுருள வச்சா அது தசை மாதிரி வேலை செய்யும்னு. அவங்க ஆய்வகத்துல 49 சதவீதம் வரைக்கும் சுருங்கியிருக்கு, நம்ம உடம்புத் தசை சுமாரா 20 சதவீதம் சுருங்கும். அதே நீளம் அதே எடை இருக்கிற மனுஷத் தசை தூக்குறதை விட 100 மடங்கு எடையைத் தூக்குச்சு. ஒரு கிலோ தசைக்கு 5.3 கிலோவாட் சக்தி, ஜெட் இன்ஜினோட ஒப்பிடுற அளவு. அதுக்கு முன்னாடி வரை இந்த மாதிரி தசைக்கு கார்பன் நானோட்யூப் நூல் (கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கார்பன் குழாய்களைத் திரிச்சது), நிட்டினால் கம்பி (சூடு பண்ணினா பழைய வடிவத்துக்குத் திரும்புற உலோகக் கலவை)ன்னு விலை கூடின பொருளைத்தான் நம்பி இருந்தாங்க, இவங்க கடைத்தெருவுல கிடைக்கிற சாமானை வச்சு அதை செஞ்சு காட்டினதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் பெரிய விஷயமா படுது. ஆனா ஒண்ணு, அந்த நம்பரெல்லாம் ஆய்வகத்து நம்பர், நம்ம வீட்டுல 10 சதவீதம் சுருங்கினாலே நல்லா வந்திருக்குன்னு அர்த்தம்.

செய்யறதுக்கு முன்னாடி ஏன் இது வேலை செய்யுதுன்னு கொஞ்சம் புரிஞ்சுக்கணும், புரியலன்னா எங்க தப்பு நடந்துச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. பொதுவா சூடு பண்ணினா பொருள் விரியும், நரம்பு நைலானை நீளவாக்குல இழுத்து இழுத்து செஞ்சிருக்கிறதால அது மட்டும் சூடானா குறுக்கால பருத்து நீளத்துல லேசா குறையும். லேசாதான், கண்ணுக்கே தெரியாத அளவு. இப்போ அதே நரம்பை நல்லா முறுக்கி வச்சுட்டு சூடு பண்ணினா, பருக்குறதும் நீளம் குறையுறதும் சேர்ந்து அந்த முறுக்கை அவிழ்க்கப் பாக்கும். அடுத்த படி இன்னும் அழகு: ஒரு ஸ்பிரிங்கை இழுத்தா அதோட கம்பி உள்ளுக்குள்ள முறுக்கிக்கும், அப்போ அதுக்கு நேர் எதிரா கம்பியோட முறுக்கு அவிழ்ந்தா ஸ்பிரிங் சுருங்கித்தானே ஆகணும்? நரம்பை முறுக்கோட சேர்த்து ஸ்பிரிங் மாதிரி சுருளவும் வச்சுட்டா, சூடு படும்போது முறுக்கு அவிழப் பாக்கும், சுருள் சுருங்கும், கீழ தொங்குற எடை மேல ஏறும். ஆறினா பழையபடி இறங்கும். கண்ணுக்குத் தெரியாத மாற்றம் சுருளா இருக்கிறதால பல மடங்கு பெருகி வெளிய தெரியுது.

சரி, சாமான். நைலான் ஒத்தை இழை நரம்பு, 0.5 மி.மீ. தடிமன். தூண்டில் சாமான் விக்கிற கடையில நரம்புன்னு கேட்டா குடுப்பாங்க, சில ஊர்ல தங்கூஸ்னு சொல்வாங்க. பின்னின நூல் மாதிரி இருக்கிறது வேணாம், ஒத்தை இழைதான் வேணும். வேகம் குறைச்சு ஓட்டக்கூடிய டிரில் மெஷின், தண்ணி பாட்டில் ஒண்ணு, ஒரு அடி நீளக் குச்சி அல்லது பழைய ஸ்கேல், முதுகு வச்ச நாற்காலி ரெண்டு, தலைமுடி உலர்த்துற டிரையர். மின்சாரத்துல ஓட்டுறதுக்கு வேண்டியது பின்னாடி சொல்றேன், முதல் நாளே அதுக்குப் போகாதீங்க.

நரம்பை 80 செ.மீ. வெட்டிக்கோங்க. ஒரு முனையை டிரில்ல மாட்டின கொக்கியில கட்டுங்க, நைலான் வழுக்கும், அதனால நாலஞ்சு முடிச்சு போட்டு இழுத்துப் பாத்துட்டுத்தான் அடுத்த வேலை. இன்னொரு முனையில பாட்டில், அதுல 250 மில்லி தண்ணி, ஏன்னா ஒரு மில்லி ஒரு கிராம், எடைக்கல் தேவையில்ல. தூண்டில்ல போடுற சுழல் கொக்கி இருக்கும் பாருங்க, அதை எங்கயும் போட்டுடாதீங்க, அது சுத்திக்கிட்டு முறுக்கை எல்லாம் வெளிய விட்டுடும். நரம்புல முறுக்கு ஏறணும், ஆனா பாட்டில் சுத்தவே கூடாது, அதே சமயம் மேல கீழ போக சுதந்திரமா இருக்கணும். இதுக்குத்தான் அந்தக் குச்சி: பாட்டிலோட கழுத்துல குறுக்கால கட்டி, ரெண்டு நாற்காலியை எதிரும் புதிருமா போட்டு நடுவுல பாட்டிலைத் தொங்கவிட்டா, குச்சி முனை நாற்காலி முதுகுல முட்டி நிக்கும், பாட்டில் சுத்தாது, ஆனா உரசிக்கிட்டே மேல ஏறும். இந்த ஒரு விஷயத்தை சரியா பண்ணலன்னா மீதி எல்லாம் வீண்.

டிரில்லை நெஞ்சு உயரத்துல செங்குத்தா கீழ பாத்து பிடிச்சுக்கிட்டு மெதுவா ஓட்டுங்க, நிமிஷத்துக்கு 200, 300 சுத்து போதும். வேகமா ஓட்டினா நரம்பு உரசி சூடாகி அறுந்துடும். ஆரம்பத்துல ஒண்ணும் நடக்காத மாதிரிதான் இருக்கும், பாட்டில் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறும், நரம்பு பளபளப்பு போய் மேல சாய்வா கோடு கோடா தெரிய ஆரம்பிக்கும். சுமார் 500 சுத்து வரும்போது கண்ணை எடுக்காம பாருங்க. சின்ன வயசுல ஊஞ்சல்ல உக்காந்து கயிறை முறுக்கிக்கிட்டே போனா ஒரு கட்டத்துக்கு மேல கயிறு தாங்காம அதுவே மேல முடிச்சு மாதிரி மடிஞ்சு சுருளும்ல, அதேதான் இங்கயும். எங்கயோ ஒரு இடத்துல டக்குனு ஒரு சின்ன சுருள் விழும், புழு சுருண்ட மாதிரி. அது விழுந்ததும் பக்கத்துல அடுத்தது, அதுக்கு அடுத்ததுன்னு வரிசையா ஒண்ணை ஒண்ணு ஒட்டி அடுக்கிக்கிட்டே போகும், பாட்டில் இப்போ நல்லா கண்ணுக்குத் தெரியுற வேகத்துல ஏறும். எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு இந்த இடம் அலுக்கல. முழு நரம்பும் சுருண்டதும் உடனே நிறுத்துங்க, மொத்தம் 800 சுத்து பக்கம் வரும், நீளம் கால்வாசிதான் மிஞ்சும், 80 செ.மீ. நரம்பு கிட்டத்தட்ட 20 செ.மீ. சுருளா நிக்கும். அதுக்கு மேல சுத்தினா சுருள் மேல சுருள் ஏறும், வீணாப் போயிடும்.

சுருள் ஒரே சீரா விழாம நடுவுல நீட்டிக்கிட்டு முடிச்சு வெளிய தள்ளினா எடை பத்தலன்னு அர்த்தம், 50 மில்லி தண்ணி சேருங்க. சுருள் விழுறதுக்கு முன்னாடியே அறுந்தா எடை ஜாஸ்தி, இல்ல நரம்புல கீறல் இருக்கு. வேற தடிமன் வாங்கினா எடையும் மாறும், குறுக்குப் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு கிலோவுல இருந்து ஒண்ணரை கிலோ வரைன்னு வச்சுக்கோங்க, 0.8 மி.மீ. நரம்புன்னா அரை கிலோவுல ஆரம்பிக்கலாம். சுத்து எண்ணிக்கை தடிமன் கூடக் கூட குறையும்.

இப்போ ஒரு எச்சரிக்கை, இதுல நான் ஒரு சாயங்காலம் முழுக்க இழந்திருக்கேன். முறுக்கி முடிச்ச சந்தோஷத்துல ஒரு முனையை கொக்கியிலருந்து கழட்டிட்டேன், ஒரு நொடிதான், மொத்த முறுக்கும் விர்ருனு அவிழ்ந்து கையில சிக்குப் பிடிச்ச நரம்புதான் மிஞ்சுச்சு. உள்ள அடைபட்டு கிடக்கிற முறுக்கு அது, எந்த முனையையும் சுதந்திரமா விடவே கூடாது. டிரில்லோட சேர்த்தே வச்சிருங்க, அடுத்த படியை அப்படியே தொங்கின நிலையிலேயே பண்ணிடலாம்.

அடுத்த படி பழக்குறது. புதுசா சுருண்ட நரம்புல சுருளுக்கும் சுருளுக்கும் இடைவெளியே இல்ல, ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு நிக்குது, இதை சூடு பண்ணினா எங்க போய் சுருங்கும்? இடமே இல்லையே. நிறைய பேர் இங்கதான் வேலை செய்யலன்னு தூக்கிப் போட்டுடுறாங்க. பாட்டில்ல தண்ணியை 400 மில்லியா கூட்டுங்க, குச்சி அப்படியே நாற்காலியில முட்டி நிக்கட்டும், டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு மேலருந்து கீழ வரை ஒரே சீரா ஓட்டி சூடு காட்டுங்க, பிறகு ஆற விடுங்க. முதல் ரெண்டு மூணு தடவை தசை சுருங்காம நீளத்தான் செய்யும், பயப்படாதீங்க, இடைவெளி திறக்குது, நைலான் புது வடிவத்துக்குப் படியுது. பத்து தடவை இப்படி சூடு, ஆறல், சூடு, ஆறல்னு போனா ஒரு கட்டத்துல நீளுறது நின்னு ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்கு ஏறி அதே இடத்துக்கு இறங்கும். அப்போதான் அது தசை. ஓவன் ஒண்ணு தனியா சோதனைக்குன்னு இருந்தா, சுருளை கொஞ்சம் இழுத்து ரெண்டு முனையும் சுத்தாதபடி ஒரு இரும்புச் சட்டத்துல கட்டி 130 டிகிரியில ஒரு மணி நேரம் வச்சு எடுத்தா இன்னும் உறுதியா படியும், ஆனா சாப்பாடு செய்யற ஓவன்ல இதைப் பண்ணாதீங்க. பெயின்ட் உரிக்கிற ஹீட் கன் வேணவே வேணாம், நைலான் 6 வகை 220 டிகிரியில உருகிடும், ஹீட் கன் அதைத் தாண்டி போகும், பாட்டில் கால் மேல விழும்.

பழக்கின தசையில 300 கிராம் தொங்கவிட்டு பின்னாடி சுவத்துல ஸ்கேல் ஒட்டி அளந்து பாருங்க. 20 செ.மீ. தசை ரெண்டு செ.மீ. ஏறினா 10 சதவீதம். தசையோட எடை எவ்வளவு தெரியுமா, கால் கிராம் கூட இல்ல.

மின்சாரத்துக்கு வருவோம். 0.1 மி.மீ. நிக்ரோம் கம்பி (கரன்ட் விட்டா சூடேறுற கம்பி) அரை மீட்டர் எடுத்து, பழக்கி முடிச்ச தசை மேல ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் ரெண்டு மி.மீ. விட்டு தளர்வா சுத்துங்க, இறுக்கினா தசை நகர முடியாது, கம்பியும் நைலானை வெட்டும். இந்த தடிமன் நிக்ரோம் ஒரு மீட்டருக்கு சுமார் 140 ஓம், அரை மீட்டருக்கு 70 ஓம், 12 வோல்ட் குடுத்தா 0.17 ஆம்பியர், ரெண்டு வாட். இந்த ரெண்டு வாட்ல தசை 20, 30 நொடி எடுத்து மெதுவா சூடேறி 120 டிகிரி பக்கத்துல போய் நிக்கும்னு என் கணக்கு, அதனால மறந்து விட்டாலும் உடனே உருகாது, ஆரம்பிக்கிறவங்களுக்கு இந்த வேகம்தான் பாதுகாப்பு. கம்பியை நேரா ஆர்டுவினோ (புரோகிராம் போட்டு ஓட்டுற சின்ன எலெக்ட்ரானிக் போர்டு) பின்னுல மாட்டிடாதீங்க, அந்த பின்னு 0.02 ஆம்பியருக்கு மேல குடுக்கிறதுக்கு செஞ்சதில்ல. நடுவுல ஐ.ஆர்.எல்.இசட்.44 மாதிரி 5 வோல்ட்லயே திறக்கிற மாஸ்ஃபெட் (கரன்ட்டுக்கு ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யற பாகம்) ஒண்ணு போட்டு, பி.டபிள்யூ.எம். மூலமா, அதாவது கரன்ட்டை வேகமா விட்டு விட்டுக் குடுத்து, சூட்டைக் கூட்டிக் குறைங்க. தீப்பிடிக்கிற பொருளை பக்கத்துல வைக்காதீங்க, தனியா விட்டுட்டு எழுந்து போகாதீங்க. வெள்ளிப் பூச்சு பூசின நைலான் தையல் நூல் கிடைச்சா நிக்ரோமே தேவையில்ல, அந்த நூலையே முறுக்கி சுருள வச்சு அதுலயே கரன்ட் விடலாம், ஆனா அது மெலிசு, எடையை ரொம்பக் குறைச்சுத்தான் ஆரம்பிக்கணும்.

இங்க ஒரு கணக்கு போட்டுப் பாக்கணும், இதைப் பாக்காம ரோபோ திட்டம் போடக்கூடாது. ரெண்டு வாட் 25 நொடின்னா 50 ஜூல் செலவு. 300 கிராமை ரெண்டு செ.மீ. தூக்கினது 0.06 ஜூல் வேலை. ஆயிரத்துல ஒரு பங்கு! ஆய்வகத்துலயே ஒரு சதவீதம்தான் வந்துச்சு, நல்ல மோட்டார் 80 சதவீதத்தைத் தாண்டும். மடக்கின நிலையில பிடிச்சு வைக்கவும் சூடு குடுத்துக்கிட்டே இருக்கணும். ஆறுறதுக்கு காத்துல அரை நிமிஷம் ஆகும், கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணு வச்சா நல்லாவே குறையும், மெலிசான நரம்பை நாலஞ்சு சேர்த்துக் கட்டினா இன்னும் சீக்கிரம் ஆறும், ஏன்னா மெலிசான பொருள் சீக்கிரம் சூட்டை விடும். அதனால பேட்டரியில நடக்கிற ரோபோவுக்கு இதைப் போடாதீங்க. சத்தமே வரக்கூடாத இடம், எடை ஏறக்கூடாத இடம், மெதுவா அசைஞ்சா போதும்ங்கிற இடம், இல்லன்னா சூடு தானாவே கிடைக்கிற இடம், அங்கதான் இது ஜெயிக்கும். அந்த டல்லாஸ் குழுவே வெயில் ஏறினா தானா திறந்து குளிர்ந்தா தானா மூடுற ஜன்னலுக்கு இதைக் காட்டினாங்க, மோட்டார் இல்ல, கரன்ட் இல்ல. ரோபோ முகத்துல புருவம் ஏறி இறங்குறதுக்கும் இது சரியா வரும்னு நான் நம்புறேன்.

பலம் வேணும், வேகம் வேணும்னா காத்துத் தசைக்குப் போங்க. 1950கள்ல அமெரிக்காவுல லாஸ் அலமாஸ் ஆய்வகத்துல வேலை பாத்த இயற்பியலாளர் ஜோசப் மெக்கிபன், போலியோவுல கை செயல் இழந்த தன் மகளுக்காக இதை உருவாக்கினார், இன்னைக்கும் அவர் பேராலதான் சொல்றாங்க. ரப்பர் ட்யூப் மேல கேபிளுக்குப் போடுற பின்னல் உறையை மாட்டி, ஒரு முனையை போல்ட் வச்சு அடைச்சு, இன்னொரு முனையில காத்துக் குழாய் சொருகி, ரெண்டு பக்கமும் ஹோஸ் கிளிப் இறுக்கினா முடிஞ்சது. காத்து ஏறினா ட்யூப் பருக்கப் பாக்கும், பின்னல் நூல் நீளாது, அதனால பருத்த அளவுக்கு நீளம் குறைஞ்சே ஆகணும். பின்னல் நூல் ட்யூப்போட நீளவாக்குக்கு சாயுற கோணம் 54.7 டிகிரி வந்ததும் சுருங்குறது நின்னுடும், அதனால உறையை நல்லா நீட்டி மெலிசா வச்சுத்தான் கிளிப் போடணும், அப்போ 25 சதவீதம் வரை சுருங்கும். சைக்கிள் பம்புல ரெண்டு பார் அழுத்தம் போதும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கோங்க. 1980கள்ல பிரிட்ஜ்ஸ்டோன் டயர் கம்பெனி இதை ரோபோவுக்கு வித்துச்சு, இப்போ ஃபெஸ்டோங்கிற ஜெர்மன் கம்பெனி விக்குது. குறை என்னன்னா கம்ப்ரசரும் வால்வும் கூடவே வரணும், கை லேசா இருக்கும், முதுகுல மூட்டை இருக்கும்.

நிட்டினால் கம்பியும் இருக்கு, அழகா வேலை செய்யும், ஆனா நாலஞ்சு சதவீதம்தான் சுருங்கும், விலையும் கூட, கத்துக்கிற கட்டத்துல நான் சொல்ல மாட்டேன்.

இனி நம்ம நரம்புத் தசையை விரலா மாத்துறது. ஐஸ் குச்சியை மூணு துண்டா நறுக்கி, ஒரே பக்கத்துல துணி டேப் ஒட்டி மூட்டு மாதிரி சேருங்க, டேப் இல்லாத பக்கம் மடங்கணும்னா துண்டுகளுக்கு நடுவுல சின்ன இடைவெளி விடணும். மடங்குற பக்கத்துல ஒவ்வொரு துண்டுலயும் கழுவின காலி பேனா ரீஃபிலை ஒரு செ.மீ. வெட்டி ஒட்டுங்க, அதுக்குள்ள முறுக்காத சாதாரண நரம்பை விட்டு நுனியில கட்டுங்க, இதுதான் தசைநாண். மறு முனையை தசையோட ஒரு முனையில கட்டி, தசையோட அடுத்த முனையை பலகையில ஆணி அடிச்சு இறுக்குங்க, தசைநாண் சேர்ற இடத்துல ஒரு சின்னக் குச்சி கட்டி ரெண்டு ஆணிக்கு நடுவுல ஓட விடணும், இல்லன்னா தசை முறுக்கை அவிழ்த்துக்கும். தசைக்குத் தள்ளத் தெரியாது, இழுக்க மட்டும்தான் தெரியும், நம்ம கையிலயும் மடக்க ஒண்ணு நீட்ட ஒண்ணுன்னு ஜோடியாத்தான் இருக்கு, அதனால விரலோட பின்பக்கம் ரப்பர் பேண்ட் ஒண்ணு கட்டுங்க, விரலை நீட்டி வைக்கிறதோட ஆறின தசையை திரும்ப இழுத்து இடைவெளியைத் திறக்கிறதும் அதுதான், அந்த இழுப்பு 200, 300 கிராம் அளவுக்காவது இருக்கணும். ரெண்டு செ.மீ. இழுப்புக்கு விரல் முழுசா மடங்கலன்னா ரீஃபில் துண்டுகளை குச்சிக்கு இன்னும் ஒட்டினாப்புல வைங்க, இழுப்பு தூரம் குறைவா கேக்கும், பலம்தான் கொஞ்சம் குறையும்.

ஸ்விட்ச் போட்டதும் எதுவும் அசையாது, பத்து நொடி பொறுங்க. முதல்ல நடு மூட்டு லேசா எழும்பும், பிறகு நுனி உள்ள வரும், சத்தமே இல்லாம ஒரு விரல் மெல்ல மடங்கும். ஃபேனைப் போட்டா நிமிரும். இது சரியா வந்ததும் ரப்பர் பேண்டைக் கழட்டிட்டு அங்க இன்னொரு தசை கட்டுங்க, ஒண்ணு சூடாகும்போது இன்னொண்ணு ஆறணும், ரெண்டையும் ஒரே நேரத்துல சூடு பண்ணாதபடி புரோகிராம்லயே பூட்டு போட்டுடுங்க, இல்லன்னா ரெண்டும் எதிரெதிரா இழுத்து டேப் மூட்டு பிய்ஞ்சுடும்.